ஊட்டி தாவரவியல் பூங்கா: புல்தரையோடு திரும்பிவிடாதீர்கள்

ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அதன் அடிப்பகுதியை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். டிக்கெட் வாங்கி நுழைந்ததும் பெரிய புல்தரை, அங்கே நாலு படம்; கண்ணாடி மாளிகை, அங்கே நாலு படம்; பிறகு வெளியே வந்து சோளம். ஒரு மணி நேரத்தில் கதை முடிந்தது. "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று அவர்கள் கேட்டால் அதில் தப்பில்லை. தொட்டபெட்டா மலையின் அடிச்சரிவில் அடுக்கடுக்காக ஏறிப்போகும் 55 ஏக்கர் தோட்டத்தில் அவர்கள் பார்த்தது தரைத்தளம் மட்டும்.

இந்த இடத்தின் அருமை பூவில் இல்லை, மண் வேலையில் இருக்கிறது. 1840களில் ஊட்டியில் குடியிருந்த ஐரோப்பியர்கள், கட்டுப்படியாகிற விலைக்குக் காய்கறி வேண்டும் என்று மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு இங்கே தோட்டம் தொடங்கினார்கள். அது நிலைக்கவில்லை. 1848இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் பொறுப்பேற்றபோது மேல்பாதி மரமடர்ந்த செங்குத்துச் சரிவு, கீழ்பாதி சதுப்பு, குறுக்கே ஆழமான ஓடைப் பள்ளங்கள். இதைத் தோட்டமாக்க அவருக்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன. இன்றைக்குப் பிள்ளைகள் உருண்டு விளையாடும் அடிப்பகுதி அன்றைக்குக் கால் புதைகிற சேறு.

சரிவை அடுக்குகளாக வெட்டினால் மழைநீர் ஒரே பாய்ச்சலில் மண்ணை அரித்துக்கொண்டு இறங்காது. ஒவ்வொரு மட்டத்திலும் நின்று, ஊறி, மிச்சம்தான் வழியும். மழை விட்ட கொஞ்ச நேரத்தில் போனால் இது கண்கூடாகத் தெரியும். மேல் பாதைகள் வடிந்து காயத் தொடங்கியிருக்கும், கீழே புல் இன்னும் சொதசொதவென்று இருக்கும். ஹீல்ஸ் செருப்போடு வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான். நிழலில் இருக்கும் கல்படிகளில் பாசி பிடிக்கும் என்பதால் ஜூன் முதல் பிடிமானமுள்ள ஷூ இல்லாமல் மேலே போக வேண்டாம்.

பெரிய புல்தரையையும் அதற்கு மேலே எழும் சரிவையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் அரங்கம். யாரும் வட்டமாகப் படிக்கட்டு கட்டி வைக்கவில்லை. கீழே சமதளம், மேலே ஏறிப்போகும் அடுக்குகள், அந்த மண் வேலையில் தானாகவே அப்படி அமைந்துவிட்டது. அரங்கத்தில் எங்கே உட்கார்ந்தால் காட்சி நன்றாகத் தெரியுமோ அங்கே உட்காருவதுதான் வழக்கம். இங்கே மட்டும் கூட்டம் மொத்தமும் மேடையில் ஏறி நின்றுகொள்கிறது. மே மாத மலர்க்காட்சியின்போது இது முக்கியம். புல்தரையில் பூக்களால் செய்யும் உருவங்களும் கோலம்போல் வரையும் பாத்திகளும் தரைமட்டத்தில் நின்றால் முன்னால் நிற்பவரின் முதுகாகத்தான் தெரியும். இரண்டு அடுக்கு ஏறித் திரும்பிப் பாருங்கள், வடிவம் முழுசாக விரியும். செடிகளால் அமைத்த இந்திய வரைபடமும் அப்படித்தான்: பக்கத்தில் நின்றால் புதர், மேலிருந்து பார்த்தால் தேசம்.

மலர் மாடம் தனி. ஆயிரக்கணக்கான தொட்டிகளைப் படிப்படியாக அடுக்கி, பூவின் முகம் பார்ப்பவரை நோக்கி இருக்கும்படி வைப்பார்கள். மே மாதத்தில் கோடை மழையும் சில நாள் ஆலங்கட்டியும் வரும். பெட்டூனியா, பேன்சி போன்ற மெல்லிய இதழ்கள் ஒரே மழையில் தொய்ந்துவிடும். வாடிய தொட்டியை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிடலாம், பாத்தியில் நட்டதை மாற்ற முடியாது. அதனால் திறந்தவெளிப் பாத்திகளைப் பார்க்க வேண்டுமென்றால் காட்சியின் முதல் நாட்களிலேயே போய்விடுவது நல்லது. 1896இல் தொடங்கிய காட்சி இது. 1995இல் நூறாவது நடந்தது. அந்த நாட்களின் கூட்டம் பிடிக்காதவர்களுக்கு இரண்டாம் சீசனான செப்டம்பர், அக்டோபர் இருக்கிறது. தொட்டிகள் குறைவு, மூச்சுவிட இடம் அதிகம். ஒரு எச்சரிக்கை: மலர்க்காட்சிக்கு முந்தைய வாரங்களில் புல் தேறுவதற்காகப் பெரிய புல்தரைக்குள் ஆட்களை விடாமல் அடைத்துவிடுவார்கள். புல்லில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று ஏப்ரல் கடைசியில் கிளம்பி வந்தால் ஏமாற்றம்தான்.

ஏறும் முறைக்கு வருவோம். நுழைவாயில் அடியில் இருப்பதால் தொடக்கமே ஏற்றம். கடல் மட்டத்துக்கு மேல் 2,250 மீட்டர் உயரத்தில் சமவெளிக்காரர்களுக்குச் சீக்கிரம் மூச்சு வாங்கும். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் வந்திறங்கிய அன்றே ஏற வேண்டாம். குறுக்குப் படிகளை விட்டுவிட்டு வளைந்து போகும் பாதையைப் பிடியுங்கள். தூரம் கூடும், முழங்கால் நன்றி சொல்லும். காலை 7 மணிக்குத் திறந்ததும் உள்ளே போய், கண்ணாடி மாளிகையையும் பெரணி இல்லத்தையும் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தாண்டிவிட்டு நேரே மேலே போவதுதான் சரியான கணக்கு. மழைக் காலத்தில் மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால் மேலிருந்து பார்க்க ஒன்றும் இருக்காது, கண்ணாடி மாளிகைக்குள் அந்தக் கவலை இல்லை. நிதானமாக நடந்தால் மொத்தம் மூன்று மணி நேரம் ஆகும்.

வழியில் மரங்களுக்கு நேரம் கொடுங்கள். தக்கை மரத்தின் பட்டையும், தாள்தாளாக உரியும் காகிதப்பட்டை மரமும், குரங்குகூட ஏறத் தயங்கும் முள்ளிலைகளைக் கொண்ட மங்கி பசில் மரமும் பூப்பாத்திகளைவிட மேல். 2 கோடி ஆண்டு வயது சொல்லப்படும் கல்மரத்தை ஏதோ பாறை என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். இத்தாலியன் பூங்காவில் வழிகாட்டிகள் சொல்லும் கதையைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும்: முதல் உலகப் போரில் பிடிபட்ட இத்தாலியக் கைதிகள் அமைத்தது என்பார்கள். அந்தப் போரில் 1915 முதல் இத்தாலி பிரிட்டனோடு சேர்ந்து சண்டை போட்ட நாடு. யார் போட்டிருந்தாலும் பாத்திகள் அழகு, அது வேறு விஷயம்.

பூங்காவின் உச்சியில் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் கார்டன் மந்து. அது காட்சிப்பொருள் இல்லை, குடியிருப்பு. கேட்காமல் படம் எடுப்பதும் கோயிலுக்கு அருகே போவதும் கூடாது.

டிசம்பர், ஜனவரியில் வருகிறவர்கள் பூவை எதிர்பார்க்க வேண்டாம், உறைபனியை எதிர்பார்க்கலாம். குளிர்காற்று கனமானது, இரவில் சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேல் அடுக்குகள் பச்சையாக இருக்கும்போதே அடிப் புல்தரை விடியற்காலையில் வெள்ளையாகிவிடுகிறது. செடிகளுக்கு மேல் மிலாறு என்கிற செடியின் கிளைகளால் பந்தல் போட்டு மூடியிருப்பதைப் பார்த்து ஏதோ குப்பை குவித்திருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், அது போர்வை. காலையில் தண்ணீர் தெளிப்பதும் பனியைக் கரைக்கத்தான். வெயில் ஏறிய கொஞ்ச நேரத்தில் எல்லாம் மறைந்துவிடும், ஆகவே ஒன்பது மணிக்குக் கம்பளி சுற்றிக்கொண்டு வந்து உறைபனியைத் தேடுவதில் பயனில்லை.

வந்துசேரும் வழி. 2024 மே மாதம் முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம், டி.என். 43 என்ற நீலகிரிப் பதிவு வண்டிகளுக்கும், பேருந்து, ரயிலில் வருகிறவர்களுக்கும் தேவையில்லை. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். சீசனில் பூங்காவுக்கு முன்னால் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும் என்று நம்பினால் பாதி நாள் சேரிங் கிராஸ் சந்திப்புப் பக்கத்திலேயே போய்விடும். பேருந்து நிலையத்திலிருந்து 2 கிலோமீட்டர்தான், நடக்கலாம். சீசனில் விடும் சுற்றுப் பேருந்தும் இருக்கிறது. மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. ஸ்டீல் பாட்டிலில் நிரப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஒரே நாளில் குன்னூர் சிம்ஸ் பூங்காவையும் சேர்த்துக்கொள்ள நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1874இல் அமைந்த அந்த 12 ஹெக்டேர் தோட்டம் இதற்கு நேர்மாறு: வாயில் மேலே, குளம் அடியில். இறங்கும்போது சுகமாக இருக்கும், ஏற்றம் கடைசியில்தான் காத்திருக்கும். ஊட்டியில் களைத்தவர் எங்கே வேண்டுமானாலும் நின்று திரும்பிவிடலாம், மிச்சம் இறக்கம்தான். சிம்ஸில் குளம் வரை போன பிறகு ஏறித்தான் ஆக வேண்டும். பெரியவர்களோடு வந்தால் அங்கே பாதி வரை இறங்கினால் போதும். மழைக் கணக்கும் வேறு: குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழை பலமாக அடிக்கும், ஆகவே அக்டோபர், நவம்பரில் ஊட்டியில் வெயில் என்று நம்பிக் குன்னூருக்குக் குடையில்லாமல் போகாதீர்கள்.

ஊட்டியிலேயே எல்க் ஹில் சரிவில் ஐந்து அடுக்காக இருக்கும் ரோஜா பூங்கா 1995இல் வந்தது. 2006இல் உலக ரோஜா சங்கக் கூட்டமைப்பின் விருது பெற்றது. அடுக்குத் தோட்டம் என்பதை ஒரே பார்வையில் புரிந்துகொள்ள அதுதான் எளிது. ஆனால் ஜனவரியில் கவாத்து செய்துவிடுவார்கள். பிப்ரவரியில் போனால் ஐந்து அடுக்கும் முள்ளும் குச்சியும்தான், ஏப்ரலுக்குத் தள்ளிப்போடுங்கள்.