ஹோம்லேண்ட் செக்யூரிட்டி மாஸ்டர்ஸ்: கன்சல்டன்சி பேச்சை நம்பிப் பணம் கட்டும் முன் படியுங்கள்

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கப் போகிற பசங்களும், அவர்களுக்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கப் போகிற பெற்றோரும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். திருச்சியில் ஒரு கன்சல்டன்சி "இதுவும் சைபர் செக்யூரிட்டி மாதிரிதான், சீட் ஈஸியா கிடைக்கும்" என்று சொல்லி ஹோம்லேண்ட் செக்யூரிட்டி மாஸ்டர்ஸை என் தலையில் கட்டியது. பெயரைப் போடவில்லை. இதே பேச்சைப் பேசுகிறவர்கள் வேறு ஊர்களிலும் இருக்கிறார்கள், ஒரு பெயரைப் பார்த்துவிட்டு மற்றவர்களை நம்பிவிடக் கூடாது.

உள்நாட்டுப் பாதுகாப்பு என்றால் அரசாங்க வேலை ஆச்சே, சிட்டிசன்ஷிப் கேட்க மாட்டார்களா என்று அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டேன். "அதெல்லாம் பிரைவேட்ல எடுப்பாங்க தம்பி, ஸ்டெம் கோர்ஸ், மூணு வருஷம் வேலை பார்க்கலாம்" என்று அடித்துச் சொன்னார்கள். இரண்டுமே பொய்.

முதலில் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) விஷயம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவருக்குப் படிப்பு முடிந்ததும் ஓபிடி, அதாவது படித்த துறையில் வேலை பார்க்கும் அனுமதி, 12 மாதம். ஸ்டெம் பட்டியலில் உள்ள படிப்பு என்றால் மட்டும் இன்னொரு 24 மாதம் நீட்டிக்கலாம், எச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கலில் இரண்டு மூன்று தடவை பெயர் போட அவகாசம் கிடைக்கும். எது ஸ்டெம் என்பதைப் படிப்பின் பெயரோ கன்சல்டன்சியின் வாயோ முடிவு செய்யாது. விசாவுக்காக யுனிவர்சிட்டி தரும் ஐ-20 படிவத்தின் முதல் பக்கத்தில் "மேஜர் 1" என்ற இடத்தில் படிப்பின் பெயரையொட்டி ஓர் எண் இருக்கும், அதுதான் முடிவு செய்யும். என்னுடையதில் 43.0301 என்று இருந்தது. பொதுவான ஹோம்லேண்ட் செக்யூரிட்டி படிப்புக்கான எண் அது, ஸ்டெம் பட்டியலில் கிடையாது. நிஜமான தகவல் பாதுகாப்புப் படிப்புக்கு 11.1003 என்று இருக்கும், அது பட்டியலில் உண்டு. சர்வதேச மாணவர் அலுவலகத்தில் போய்க் கேட்டபோது, கான்சன்ட்ரேஷனில் (சிறப்புப் பிரிவில்) சைபர் என்று எழுதியிருந்தாலும் பட்டத்தின் எண் மாறாது என்று சொல்லிவிட்டார்கள். கன்சல்டன்சிக்குப் போன் போட்டால், "யுனிவர்சிட்டிலயே பேசிக்கோங்க". அதன்பிறகு எடுக்கவே இல்லை.

அடுத்தது வேலை. அமெரிக்க அரசின் ஹோம்லேண்ட் செக்யூரிட்டி துறையே 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு 2002-இல் சட்டம் போட்டு உருவானது. எல்லைக் காவல், விமான நிலையச் சோதனை, பேரிடர் உதவியைக் கவனிக்கும் ஃபீமா, அதிபரின் பாதுகாப்பைக் கவனிக்கும் சீக்ரெட் சர்வீஸ் எல்லாம் அதன்கீழ் வருகின்றன. மத்திய அரசு வேலை கிட்டத்தட்ட முழுக்க அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான். சரி, தனியார் கான்ட்ராக்டர்கள்? அங்கே செக்யூரிட்டி கிளியரன்ஸ், அதாவது அரசு ரகசியங்களைப் பார்க்கும் அனுமதி, கேட்பார்கள், அதுவும் குடிமக்களுக்குத்தான், அதிலும் நாமாக விண்ணப்பித்து வாங்க முடியாது, வேலை தருகிறவர்தான் ஸ்பான்சர் செய்ய வேண்டும். கேரியர் ஃபேரில் என் ரெஸ்யூமேயைக் கையில் வாங்கியவர் படிக்கத் தொடங்கும் முன்பே "யூ.எஸ். சிட்டிசனா?" என்று கேட்டார். இல்லை என்றதும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை, சட்டம் அப்படி.

இதற்குக் கொடுத்த விலை? கிரெடிட்டுக்கு 950 டாலர், 36 கிரெடிட், ஆக ஃபீஸ் மட்டுமே 34,200 டாலர். சாப்பாடு, வாடகை, இன்ஷூரன்ஸ் தனி. வயிறு எரிந்தது எதில் என்றால், முதல் செமஸ்டரில் ஒரு பாடத்துக்கு அசைன்மென்ட் என்று கொடுத்தது ஃபீமா இணையத்தில் இலவசமாக நடத்தும் ஐஎஸ்-100, ஐஎஸ்-700 கோர்ஸ்களை முடித்து சர்ட்டிஃபிகேட்டை அப்லோட் செய்வது. அந்தப் பாடத்துக்கு நான் கட்டியது 2,850 டாலர்.

அங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளும் கூட ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்க வேண்டும். விமான நிலையச் சோதனை வேலைக்குப் பள்ளிப் படிப்பு போதும், எல்லைக் காவலுக்கும் பட்டம் கட்டாயமில்லை. மாஸ்டர்ஸ் இருந்தால் ஜிஎஸ்-9 என்ற மத்திய அரசுச் சம்பள நிலையில் சேரலாம் என்பது பல பணிகளில் உண்மைதான், ஆனால் அதில் நிறைய வேலைகளுக்கு இந்தப் பட்டம்தான் என்று கட்டாயமில்லை. கம்ப்யூட்டர், அக்கவுண்டிங், பொது நிர்வாகம் எதில் மாஸ்டர்ஸ் வைத்திருந்தாலும் வழி உண்டு, அரசு வேலை கிடைக்காவிட்டால் வெளியேயும் பிழைத்துக்கொள்ளலாம். என்னோடு படித்த அமெரிக்கப் பசங்களே 2025 ஜனவரியில் மத்திய அரசு ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்தபோது தவித்தார்கள். குடியேற்ற அமலாக்கம் மாதிரி சிலவற்றுக்கு விலக்கு இருந்தது, ஆனால் அவர்கள் பேரிடர் மேலாண்மையை நம்பிச் சேர்ந்தவர்கள். ஏற்கெனவே அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு கலிபோர்னியாவின் மான்டரேயில் உள்ள அமெரிக்கக் கடற்படை முதுநிலைக் கல்லூரி இதே துறையில் ஃபீஸ் இல்லாமலேயே மாஸ்டர்ஸ் நடத்திவந்திருக்கிறது. அப்படி வாய்ப்பு உள்ளவர்கள் கைக்காசைப் போட்டுப் படிக்க என்ன அவசியம்?

உங்களிடம் இந்தக் கோர்ஸைச் சொன்னால் டெபாசிட், சேவிஸ் கட்டணம் (விசாவுக்கு முன் அமெரிக்க அரசுக்குக் கட்டுவது) எதையும் கட்டாதீர்கள். கன்சல்டன்சியைத் தாண்டி யுனிவர்சிட்டிக்கு நேராக ஒரு மெயில் போடுங்கள்: இந்தப் பட்டத்தின் எண் என்ன, ஸ்டெம் பட்டியலில் இருக்கிறதா, கடந்த ஆண்டு முடித்த எஃப்-1 மாணவர்கள் என்ன வேலையில் இருக்கிறார்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். அந்த எண்ணை அமெரிக்க அரசு வெளியிட்டுள்ள ஸ்டெம் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். மூன்றாவது கேள்விக்கு மட்டும் மழுப்பினால் அந்த ஆஃபர் லெட்டரை அப்படியே விட்டுவிடுங்கள்.