கட்டியைக் கீறிய பிறகு: மாத்திரையோடா, மாத்திரை இல்லாமலா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் தோலில் வந்த சீழ்க்கட்டியைக் கீறிக் கட்டுப் போட்டு அனுப்பும்போது, மருந்துச் சீட்டில் ஆன்டிபயாடிக் இல்லையென்றால் வைத்தியமே அரைகுறை என்று நினைக்கிற குடும்பங்கள் உண்டு. அந்த நினைப்பு தவறு. மாத்திரையே வீண் என்பதும் சரியன்று.

சீழ் தேங்கிய குழிக்குள் இரத்த ஓட்டம் இல்லாததால், விழுங்கும் மருந்து அங்கே போதிய அளவு போய்ச் சேராது. ஆகவே கீறி வடிப்பதுதான் முதன்மைச் சிகிச்சை. 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கீறிய பின் 7 நாள் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்கை முறையாகச் சாப்பிட்டவர்களில் 92.9 சதவீதத்தினரும், மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 85.7 சதவீதத்தினரும் குணமடைந்தனர். அதாவது, கூடுதலாக ஒருவர் தேற ஏறத்தாழ 14 பேர் மருந்து சாப்பிட வேண்டும். பலன் உண்மையானது, ஆனால் சிறியது.

மாத்திரைதான் என்று முடிவானால் எது? 2017இல் வந்த மற்றோர் ஆய்வில், 5 சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டிகளில் கிளிண்டாமைசின் என்ற வேறோர் ஆன்டிபயாடிக் 83.1, கோட்ரைமாக்சசோல் 81.7, போலி மாத்திரை 68.9 சதவீதம் குணம் தந்தன. கிளிண்டாமைசின் சாப்பிட்டவர்களுக்கு ஒரு மாதத்துக்குள் மறுபடி தொற்று வருவது குறைந்தது. வயிற்றுப்போக்கு முதலிய பக்கவிளைவுகளோ கூடின. கோட்ரைமாக்சசோல் வயிற்றுக்கு அவ்வளவு தொல்லை தராது என்றாலும், சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது. நம் வீட்டுப் பெரியவர்கள் விஷயத்தில் இன்னொரு கவனமும் வேண்டும்: இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் அல்லது லோசார்டன் சாப்பிடுவோருக்குக் கோட்ரைமாக்சசோல் இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடக்கூடும், கிளிமிபிரைடு சாப்பிடும் சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையைத் திடீரென இறக்கிவிடக்கூடும். ஆகவே தினசரி மாத்திரைகளின் அட்டைகளை மருத்துவரிடம் காட்டாமல் இதை வாங்கவே கூடாது.

பழக்கமாக எழுதப்படும் அமாக்சிசிலின்-கிளாவுலனேட், மெத்திசிலின் வகை ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத, கட்டி உண்டாக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமியிடம் பலிக்காது. எனவே எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று காட்டும் கல்ச்சர் பரிசோதனைக்குக் கீறும்போதே சீழை அனுப்புவது நல்லது.

வேறு நோயில்லாத ஒருவருக்குச் சிறிய கட்டி முழுதாக வடிந்து, காய்ச்சலும் இல்லாதபோது, மருத்துவர் சம்மதித்தால் ஒழுங்கான டிரெஸ்ஸிங்கோடு நிறுத்துவதையே நான் ஏற்பேன். காய்ச்சல், சுற்றிலும் பரவும் சிவப்பு, கட்டுக்கடங்காத சர்க்கரை, ஸ்டீராய்டு மருந்து, முகத்திலோ கையிலோ வந்த கட்டி ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும் மாத்திரையின் பக்கமே என் வாக்கு. ஆசனவாய் அருகே வரும் கட்டியை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அங்கே பௌத்திரம் (உள்ளிருந்து தோல்வரை குழாய்போல் துளை விழுவது) உண்டாகும் வாய்ப்பையும் பார்க்க வேண்டியிருப்பதால், அறுவை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.