பழைய குதிரை டிரெய்லரின் விலை ரப்பர் விரிப்புக்கு அடியில் இருக்கிறது

குதிரைகளை ஏற்றி இன்னொரு வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் குதிரை டிரெய்லரை விற்பவர் முதலில் சொல்வது வருடமும் கம்பெனிப் பெயரும்தான். வாங்க வருபவர் விவரம் தெரிந்தவராக இருந்தால், இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டு நேராகப் பின்கதவைத் திறந்து ரப்பர் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பார். பேரம் அங்கேதான் தொடங்குகிறது. காரில் இருப்பதுபோல ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டர் இதில் கிடையாது. வருடத்துக்கு நாலு முறை மட்டும் ரோட்டில் இறங்கி, ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவைத்த 15 வயது வண்டி, சாணத்தோடும் ஈரத்தோடும் நிறுத்திவைத்த 6 வயது வண்டியைவிட அதிக விலைக்குத் தகுதியானது. வயதை வைத்து விலை போடும் பட்டியல்கள் நடுத்தர நிலையில் உள்ள வண்டியை மனதில் வைத்துப் போடப்பட்டவை. அவற்றை ஆரம்பப் புள்ளியாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

தரையைப் பார்ப்பதற்கு ஆள் துணை வேண்டும். முக்கால் அங்குலக் கனத்தில் 4 அடிக்கு 6 அடி ரப்பர் விரிப்பு ஒன்றே 40 கிலோவைத் தாண்டும். அதனால்தான் பலர் தூக்குவதே இல்லை, அதனால்தான் தரை கெடுகிறது. மரப்பலகை என்றால் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, சுவரோரம், பலகைகள் சேரும் இடம், கதவருகே என்று குத்திப் பார்க்க வேண்டும். நல்ல பலகையில் முனை நிற்கும். உளுத்த பலகையில் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும். எங்கே குத்துவது என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மரத்தைக் கெடுப்பது மூத்திரம். பெட்டைக் குதிரை அதைப் பின்னால் பெய்யும். ஆண் குதிரை வயிற்றுக்கு நேர் கீழே பெய்யும். கொட்டடியின், அதாவது ஒரு குதிரை நிற்கும் தடுப்பின், பின்பகுதியை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியோடு எழுந்தால், நடுவில் இருக்கும் ஓட்டை தப்பிவிடும்.

அலுமினியத் தரை உளுக்காது, ஆனால் அரிக்கும். குதிரை மூத்திரம் பெரும்பாலும் காரத்தன்மை உடையது. அலுமினியத்தைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தைக் காரம் கரைத்துவிடும். விரிப்புக்கு அடியில் ஈரம் காயாமல் நின்றால் முதலில் சாம்பல் நிறக் கறை, பிறகு வெள்ளைப் பொடி, பிறகு குண்டூசித் தலை அளவுக்குக் குழிகள். பொடியைச் சுரண்டிவிட்டு விரல் நகத்தால் தடவினால் குழியின் ஆழம் தெரியும். மேலோட்டமான கறைக்கு விலை குறைக்கத் தேவையில்லை. நகம் சிக்கும் அளவுக்குக் குழி வரிசையாக இருந்தால் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தே ஆக வேண்டும். பலகை மாற்றுவது ஒரு நாள் வேலை. அதைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் துருவேறி மெலிந்திருந்தால் அது ஒரு நாள் வேலை அல்ல. அந்த வண்டியின் விலை பழைய இரும்புக் கடை விலைக்குப் பக்கத்தில் போய்விடும்.

கையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கட்டும். ‘அலுமினிய டிரெய்லர்’ என்ற பெயரில் விற்பனைக்கு வருவதில் பல, காந்தம் ஒட்டும் இரும்புச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்தியவைதான். அதில் தவறொன்றும் இல்லை, ஆனால் முழு அலுமினிய வண்டியோடு ஒப்பிட்டு விலை கேட்கக் கூடாது. இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்து, ரிவெட்டைச் சுற்றி பெயிண்ட் கொப்பளித்து நிற்கும். குதிரை ஏறி இறங்கும் சாய்வுப் பலகை (ரேம்ப்) உள்ள வண்டியில் அதன் கீழ் ஓரத்தையும் கீலையும் பாருங்கள். பிளைவுட் ரேம்ப், தரைக்கு முன்பே உப்பிப் போவது வழக்கம்.

டயரில் பலர் ஏமாறுவது பட்டன் ஆழத்தைப் பார்த்துத்தான். குதிரை டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட, நின்ற இடத்தில் வெடிப்பு விட்டுச் சாவதே அதிகம். பக்கச் சுவரில் உள்ள தயாரிப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 3519 என்றால் 2019ஆம் வருடத்தின் 35ஆவது வாரம். ஐந்தாறு வருடம் தாண்டிய செட்டை, புதிதுபோலத் தெரிந்தாலும் மாற்ற வேண்டியதாகவே கணக்கில் வையுங்கள். உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கோளாறு டயரில் இல்லை. ஆக்சில் வளைந்திருக்கும், அல்லது அளவுக்கு மேல் பாரம் ஏற்றியிருப்பார்கள்.

ஆக்சில் இரண்டு வகை. லீஃப் ஸ்பிரிங் என்றால் பட்டை, புஷ், போல்ட் எல்லாம் தனித்தனியாக மாற்றலாம். ரப்பர் டார்ஷன் ஆக்சில் ஓட்டத்துக்குச் சுகம், ஆனால் உள்ளிருக்கும் ரப்பர் தளர்ந்தால் முழு ஆக்சிலையும்தான் மாற்ற வேண்டும். சமதரையில் நிறுத்தி, டயருக்கும் மட்கார்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்தால், ஒரு பக்கம் இறங்கியிருப்பது தெரிந்துவிடும். பேரிங்கைச் சோதிக்க ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், பிறகு சுழலவிட்டுக் காதை வையுங்கள். அரவை சத்தம் வரக் கூடாது. முடிந்தால் 15 கிலோமீட்டர் இழுத்துப் போய்விட்டு, சக்கரத்தின் நடுப்பகுதியான ஒவ்வொரு ஹப் பக்கமும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் பேரிங்கோ ஒட்டிக்கொண்ட பிரேக்கோ. வருடத்துக்கு ஒருமுறை கிரீஸ் போட்ட ரசீதுகள் இருந்தால் இந்தச் சந்தேகம் பாதி தீர்ந்தது. டிரெய்லர் கழன்றால் தானாக பிரேக் பிடிக்கும் சாதனத்தின் பேட்டரி பெரும்பாலும் செத்தே கிடக்கும். சின்னச் செலவுதான், ஆனால் விற்பவர் எவ்வளவு கவனித்தார் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

உள் உயரம் விலையை நேரடியாக மாற்றும். ஆறரை அடி உயரப் பழைய வண்டிக்குப் போனி எனும் குட்டை ரகமோ சிறிய குதிரையோ வைத்திருப்பவர்தான் பெரும்பாலும் வருவார். ஏழு அடிக்கும் ஏழரை அடிக்கும் வாங்குபவர் கூட்டம் பெரிது. தங்கும் அறை இணைந்த வண்டிகள் தனி ரகம்: மூலைகளில் சுவரைக் கையால் அழுத்துங்கள், மெத்தென்று அமுங்கினால் கூரை ஒழுகியிருக்கிறது. அந்த அறைக்குப் புதிதில் கொட்டிய பணம் வண்டிக் கூட்டைவிட வேகமாகக் கரையும்.

இனி கணக்கு. ஒரே கட்டுமானம், ஒரே கொட்டடி எண்ணிக்கை, ஒரே இணைப்பு வகை, வயதில் மூன்று வருடத்துக்குள் வித்தியாசம் என்று நாலைந்து வண்டிகளைத் தேடுங்கள். விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. மாதக்கணக்காக விற்காமல் நிற்கும் விளம்பரம் எது விலை இல்லை என்பதைத்தான் சொல்கிறது. உதாரணத்துக்கு மூன்று வண்டிகளுக்கு, மிக அதிக விலையை 100 என்று கொண்டால், 100, 92, 86 என்று கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 100 நீண்ட நாளாக நிற்கிறது, 86 இரண்டு வாரத்தில் போய்விட்டது. அடிப்படை 88 என்று எடுக்கலாம். உங்கள் வண்டியில் நாலு டயருக்கு 5, பேரிங் பிரேக் வேலைக்கு 2, ஒரு கொட்டடிப் பலகைக்கு 3 என்று பட்டறையில் கேட்டறிந்தால் மிச்சம் 78. பாதுகாப்பு சம்பந்தப்பட்ட செலவை முழுதாகக் கழிக்க வேண்டும். வாங்குபவர் அதற்கு மேல் அலைச்சலுக்கும் கொஞ்சம் கேட்பார், நியாயம்தான். கீறல், நிறம் மங்கல், கிழிந்த பேடிங் போன்றவற்றுக்குப் பாதி கழித்தால் போதும்.

கூட்டும்போது கை சுருங்கட்டும். போன மாதம் போட்ட புது டயர், விலையை அதன் முழுத்தொகைக்கு ஏற்றாது. கழிவைத் தடுக்கும், அவ்வளவே. கூடுதல் விளக்கு, ஸ்டிக்கர், சேணம் மாட்டும் தாங்கி ஆகியவை வண்டியைச் சீக்கிரம் விற்கவைக்கும், விலையை ஏற்றாது. சேஸிஸ் எண் தகடும் ஆவணத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால், அல்லது கடன் பாக்கி தீர்ந்ததற்குக் காகிதம் இல்லை என்றால், இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அது தீரும்வரை முன்பணம் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

விற்பவருக்குப் பயன் தரும் வேலை ஒன்று உண்டு. எல்லா விரிப்பையும் வெளியே எடுத்து, தரையைக் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, வெறுந்தரையைப் படம் எடுங்கள். அடிப்பாகம், டயர் எண், எடைத் தகடு, இணைப்புக் கொக்கி ஆகியவற்றுக்கும் ஒவ்வொரு படம். பாலிஷ் போட்ட முன்பக்கப் படம் பத்தை விட இந்த ஐந்தைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தவர் போன் செய்வார். அவர் வரும் நாளிலும் விரிப்பைத் திரும்பப் போடாமல் சுவரில் சாத்தி வைத்திருங்கள்.