சமிபாட்டுத் தொகுதி மாதிரியும் யூஎஸ்பி கமராவும்: விஞ்ஞான அறைக்கு எதைப் பார்த்து வாங்குவது

சாதாரண தர விஞ்ஞானத்துக்குச் சமிபாட்டுத் தொகுதி மாதிரி ஒன்று வாங்க யாழ்ப்பாணக் கடைகளுக்குப் போனால் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று தலையிலிருந்து இடுப்பு வரையான முண்டம். மற்றது பலகையில் பதித்த, வாய் முதல் குதம் வரை சமிபாட்டுத் தொகுதி மட்டும் உள்ள, ஏறத்தாழ 80 செ.மீ. உயரமான மாதிரி. சமிபாடு படிப்பிக்கவென்றால் பலகை மாதிரியைத்தான் வாங்க வேண்டும். முண்டத்தில் களம் (உணவுக்குழாய்) இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் பின்னால் மறைந்துவிடும். குடலும் ஒரே கட்டியாகக் கழன்று வரும், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிள்ளை விரலால் தொட்டுப் போக வழியில்லை.

பலகை மாதிரிகளுக்குள்ளும் தரம் பிரித்துப் பார்க்க வேண்டும். குறுக்குப் பெருங்குடல் கழற்றக்கூடியதா என்பதை முதலில் பாருங்கள். அது கழன்றால்தான் பின்னால் கிடக்கும் சதையியும் (கணையம்), அதை வளைத்துப் போகும் முன்சிறுகுடலும் தெரியும். கழலாத மாதிரி மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். அடுத்து, இரைப்பையின் முன்சுவர் திறபட வேண்டும், உள்ளே மடிப்புகள் செதுக்கியிருக்க வேண்டும். முன்சிறுகுடலில் ஓர் இடம் வெட்டித் திறந்து, பித்தத்தைக் கொண்டுவரும் பித்தக்கானும் சதையிச் சாற்றைக் கொண்டுவரும் சதையிக்கானும் சேர்ந்து வந்து திறக்கும் சிறு முனைப்பைக் காட்டியிருக்க வேண்டும். இந்த முனைப்பு இல்லாத மாதிரியில் பாடத்தின் பாதி போய்விடுகிறது.

காரணம் இதுதான். சோறு ஈரலுக்குள்ளாலும் சதையிக்குள்ளாலும் போகிறது என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. உணவு அந்த இரண்டுக்குள்ளும் ஒருபோதும் போவதில்லை, அவை தங்கள் சுரப்பைக் கானால் அனுப்புகின்றன. சில மலிவு மாதிரிகளில் பித்தக்கானையும் குடலையும் ஒரே இளஞ்சிவப்பில் பூசி இந்தக் குழப்பத்தை இன்னும் வளர்த்துவிடுகிறார்கள். அப்படியிருந்தால் கான்களின் மேல் பச்சை எனமல் பூச்சை மெல்லிய தூரிகையால் ஒரு கோடாக இழுத்துவிடலாம், கால் மணித்தியால வேலை.

மாதிரியோடு வரும் இலக்க அட்டை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அதை அப்படியே மொழிபெயர்த்து ஒட்டாமல், பாடநூலில் உள்ள சொற்களையே எழுதுங்கள்: களம், இரைப்பை, முன்சிறுகுடல், சதையி, குருட்டுக்குடல், குடல்வளரி, நேர்குடல். இந்தியப் புத்தகங்களிலும் காணொளிகளிலும் உணவுக்குழாய், கணையம் என்று வரும். பரீட்சைத் தாளில் தடுமாறாதிருக்கச் சுவரில் உள்ளதும் தாளில் உள்ளதும் ஒன்றாக இருப்பது நல்லது.

இனி மாதிரியால் காட்ட முடியாதவை. நீளம் முதலாவது. சிறுகுடலைச் சுருட்டி அச்சில் வார்த்திருப்பதால் அது எவ்வளவு நீளம் என்று எந்தப் பிள்ளைக்கும் பிடிபடாது. 6 மீற்றர் நைலோன் கயிறும், 1.5 மீற்றர் தடித்த தோட்டக் குழாயும் வெட்டிப் பலகைக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். 6 மீற்றர் என்பது தசை தளர்ந்த நிலையில் அளந்தது, உயிருள்ளவரில் தசை இறுக்கத்தால் அது குறுகித்தான் இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிறுகுடலைக் காட்டும் கயிறு குறுகல், ஆனால் நீளம் கூட; பெருங்குடலைக் காட்டும் குழாய் அகலம், ஆனால் நீளம் குறைவு. சிறு, பெரு என்ற பெயர்கள் எதைச் சொல்கின்றன என்பது அப்போதே விளங்கும்.

இரண்டாவது, ஈரம். பலகை மாதிரி காய்ந்த பொருள். உண்மையான குடல் ஒரு நாளில் கையாளும் நீர் வியக்க வைப்பது. உமிழ்நீர் ஏறத்தாழ 1.5 லீற்றர், இரைப்பைச் சாறு 2, பித்தம் அரை, சதையிச் சாறு 1.5, குடற்சாறு 1.5 என்று 7 லீற்றர் உடலே சுரக்கிறது. குடிப்பதும் உண்பதும் இன்னும் 2 லீற்றர் அளவில் சேர்க்கின்றன. மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லி லீற்றர் மட்டும். ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல்கள் ஒன்பதை மாதிரியின் முன் வரிசையாக வைத்து, கடைசியில் ஒரு தேநீர்க் கோப்பையை வைத்துக் காட்டினால் வயிற்றோட்டம் ஏன் ஆளை இவ்வளவு விரைவில் விழுத்துகிறது என்று தனியாக விளக்கத் தேவையில்லை. உப்பும் குளுக்கோசும் சேர்ந்த ஜீவனி ஏன் வெறும் தண்ணீரைவிட வேலை செய்கிறது என்பதற்கும் அங்கிருந்தே போகலாம்: குளுக்கோசோடு சேர்ந்து சோடியம் உறிஞ்சப்படும்போது நீரும் பின்னால் போகிறது.

மாதிரியின் மேல் விரல் வைத்துக் கொண்டுபோக நல்ல உணவு, தேங்காய்ப்பூப் போட்ட புட்டும் மீன் குழம்பும். மூன்று வகையும் அதில் இருக்கிறது. புட்டின் மாப்பொருளில் உமிழ்நீரில் உள்ள அமைலேசு என்ற நொதியம் (உணவை உடைக்கும் புரதம்) வாயிலேயே கைவைக்கிறது. களம் 25 செ.மீ., அதைக் கடக்கச் சில வினாடிகள். இரைப்பையின் அமிலத்தில் அமைலேசு ஓய்ந்துவிட, பெப்சின் மீனின் புரதத்தைப் பிடிக்கிறது. தேங்காயின் கொழுப்பு முன்சிறுகுடல் வரை பெரும்பாலும் தொடப்படாமல் போய், அங்கே பித்தத்தால் சிறு துளிகளாகி, சதையியின் இலிப்பேசுக்கு அகப்படுகிறது. பித்தத்தில் நொதியம் இல்லை என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும், விடைத்தாளில் புள்ளி போகும் இடம் அது.

பராமரிப்பு பற்றி ஒரு வார்த்தை. இந்த மாதிரிகள் மென்மையாக்கிய பீவீசீ. தகரக் கூரை அறையில் பங்குனி, சித்திரை வெயிலில் பொலித்தீன் போர்த்தி வைத்தால் மேற்பரப்பு பிசுபிசுத்து, ஈரலின் நிறம் இரைப்பையில் ஒட்டிவிடும். பருத்தித் துணியால் மூடுங்கள். மெல்லிய சவர்க்காரத் தண்ணீரால் துடைக்கலாம். தின்னரும் ஸ்பிரிற்றும் வேண்டாம், பூச்சு கழன்றுவிடும். கழற்றும் பாகங்கள் காந்தத்தில் நிற்கிறதா, முளையில் நிற்கிறதா என்றும் பாருங்கள். முளைத் துளைகள் பிள்ளைகள் கையில் ஒரு வருடத்துக்குள் தளர்ந்து, ஈரல் நிலத்தில் கிடக்கும்.

இதற்குத் துணையாக நாங்கள் பரிந்துரைப்பது போன் உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும் யூஎஸ்பி வயர்க் கமரா. குழாய்க்குள்ளும் இயந்திரத்துக்குள்ளும் பார்க்கச் செய்தது அது. முனையில் 5.5 அல்லது 7 மி.மீ. உருளை, அதைச் சுற்றி ஆறு எல்ஈடி, வயரின் மேல் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளைச் சாவி. முனையில் உள்ள சிறு சில்லு (சிப்) ஒளியை மின் சைகையாக்கி வயரால் அனுப்புகிறது. மடிக்கணினியில் செருகினால் சாதாரண வெப்கமராவாகவே தெரியும், தனி மென்பொருள் வேண்டாம், புரொஜெக்டரில் வகுப்பு முழுவதும் பார்க்கலாம். போனில் செருகுவதானால் ஓடிஜி வசதி, அதாவது வெளிக் கருவிகளைப் போனில் செருகிப் பாவிக்க விடும் வசதி, இருக்க வேண்டும். சில போன்களில் அதை அமைப்புக்குள் போய்த் திறக்க வேண்டும், பாவிக்காமல் விட்டால் பத்து நிமிடத்தில் தானே மூடிக்கொள்ளும். கமரா பழுது என்று கடைக்குத் திரும்பும் பலவற்றின் கதை இதுதான். வைபை வகை வேண்டாம். பற்றறி விரைவில் இறங்கும், படமும் பின்தங்கி வரும்.

பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும், மலிவு வகைகளில் பலவற்றின் உண்மையான படம் 640க்கு 480 புள்ளிதான், ஏறத்தாழ 3 இலட்சம். வகுப்புக்கு அது போதும். குவியம் மாற்ற முடியாதது என்பதே முக்கியம்: 3 முதல் 8 செ.மீ. தூரத்தில் மட்டும் தெளிவு, அதைவிடக் கிட்டக் கொண்டுபோனால் மங்கல்.

பலகை மாதிரியில் களம் பாதியாக வெட்டப்பட்டதால் கமராவை அதற்குள் விட்டுப் பயனில்லை. இரண்டு அங்குல பீவீசீ குழாயில் 30 செ.மீ. வெட்டி, நூல் வளையங்கள் எழும்பி நிற்கும் இளஞ்சிவப்புத் துவாயை வளையங்கள் உள்ளே பார்க்கச் சுருட்டிச் செருகுங்கள். கமராவை மெல்ல விட்டால் திரையில் சுற்றிவர நூல் வளையங்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும், ஓரத்தில் வெளிச்சம் பட்டு, நடுவில் இருள். இந்த வளையங்கள் காட்டுவது சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல் நிற்கும் குடற்சடைமுளைகளை. உண்மையில் அவை ஒவ்வொன்றும் 0.5 முதல் 1 மி.மீ. உயரந்தான் என்று சொல்லிவிட்டு, அதே அளவு வழுவழுப்பான துணியையும் செருகிக் காட்டுங்கள். இரண்டிலும் தண்ணீர் ஊற்றி எது கூடக் குடிக்கிறது என்று அளந்தால் மேற்பரப்பும் அகத்துறிஞ்சலும் ஒரே பாடமாகிவிடும்.

கமராவின் இன்னொரு நல்ல பாவனை மாப்பொருள் சோதனை. 1 கிராம் மாவை 100 மில்லி லீற்றர் நீரில் காய்ச்சி ஆறவைத்த கரைசலில் 5 மில்லி லீற்றர், வாயைக் கழுவிய பின் எடுத்த உமிழ்நீர் 1 மில்லி லீற்றர், 37 பாகை நீர்த்தொட்டி. இரண்டு நிமிடத்துக்கு ஒரு துளியை வெள்ளை ஓட்டில் உள்ள அயடீனில் விடுங்கள். கமராவை ஓட்டுக்கு மேல் 5 செ.மீ. உயரத்தில் தாங்கியில் பிடித்தால், கருநீலம் மெல்லக் கபிலமாவதைப் பின்வாங்கில் இருப்பவரும் காண்பார். இதில் பிழைக்கும் இடங்கள் இரண்டு. நீர் கொதிநிலைக்குக் கிட்ட இருந்தால் நொதியம் கெட்டுவிடும், எவ்வளவு நேரம் நின்றாலும் நீலம் மாறாது. மறுபக்கம், துளி சூடாக இருந்தால் மாப்பொருள் இருந்தும் நீலம் மறையும், சமிபாடு முடிந்துவிட்டது என்று பிழையாக எழுதுவார்கள். துளி ஆறட்டும். கொதிக்கவைத்த உமிழ்நீரோடு இன்னொரு சோதனைக் குழாயும் கட்டாயம் வேண்டும். எல்ஈடி வெளிச்சம் நீலம் கலந்தது என்பதால் அதை அணைத்து, யன்னல் வெளிச்சத்தில் நிறம் பாருங்கள்.

உடலுக்குள் விட்டுப் பார்க்கும் ஆசுப்பத்திரி அகநோக்கியும் (எண்டொஸ்கோப்) இந்தக் கமராவும் ஒன்றென்று பிள்ளைகள் நினைக்கக்கூடாது. இரைப்பை பார்க்கும் அகநோக்கி ஏறத்தாழ 1 மீற்றர் நீளம், 9 மி.மீ. தடிப்பு. முனையை வைத்தியர் மேல்நோக்கி 210 பாகை வரை வளைத்து, வந்த வழியையே திரும்பிப் பார்க்கலாம். காற்று ஊதி இரைப்பையை விரிக்கவும், நீர் பீச்சவும், உறிஞ்சவும், சிறு துண்டு வெட்டி எடுக்கவும் வழிகள் உண்டு, ஒவ்வொரு நோயாளிக்கும் பின் கிருமி நீக்கப்படும். கடைக் கமராவில் இவை எதுவும் இல்லை. அதை மனிதரின் வாய், மூக்கு, காது எதற்குள்ளும் விடக்கூடாது, விளையாட்டுக்கும் கூடாது. முனை சூடேறும், விளிம்பு கீறும். வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் எண்ணி வாங்கிப் பூட்டி வைக்க வேண்டிய பொருள் அது.

கடையில் காசு கொடுக்க முன் கமராவைச் செருகச் சொல்லி, பத்திரிகையின் சிறு எழுத்தை 5 செ.மீ. தூரத்தில் பிடித்து வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். வயரை முனைக்குக் கிட்ட வளைத்துப் படம் துண்டிக்கிறதா என்று பாருங்கள், முதலில் அறுவது அந்த இடந்தான். வளைத்த வடிவத்தில் நிற்கும் விறைப்பான வயர் குழாய்க்குள் விட இலகு. மாதிரியை வாங்கும்போது குறுக்குப் பெருங்குடலையும் இரைப்பைச் சுவரையும் நீங்களே கழற்றி, திரும்பப் பூட்டிப் பார்த்த பிறகு பற்றுச்சீட்டு எழுதச் சொல்லுங்கள்.