ஸ்கோப்புக்கு அடியில் இருப்பது: ரிங், பேஸ் வகைகள் ஓர் அலசல்

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு நீலகிரியில் வேட்டைக்காலம் முடிந்தது. 1877இல் வேட்டை ஆட்களே சேர்ந்து தொடங்கிய நீலகிரி கேம் அசோசியேஷன்கூடப் பிற்பாடு காட்டுயிர்களைக் காக்கும் சங்கமாகிவிட்டது. ஆனால் தாத்தா காலத்து வேட்டை ரைபிள் உரிமத்தோடு சில தோட்ட வீடுகளின் பீரோவில் இன்னும் நிற்கிறது. இலக்குப் பலகையில் குறி பார்க்க அதற்கு ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) போட நினைப்பவர், முதலில் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்துவிட்டு மிச்சக் காசுக்கு அதைப் பிடிக்கும் ரிங் வாங்குகிறார். வேலை அங்கேயே கோணுகிறது.

கணக்கு எளிது. முன் ரிங்குக்கும் பின் ரிங்குக்கும் 100 மி.மீ. இடைவெளி என்று கொள்ளுங்கள். அதில் ஒரு பக்கம் 0.1 மி.மீ. அசைந்தால், 100 மீட்டரில் குண்டு 10 செ.மீ. தள்ளி விழும். 0.1 மி.மீ. என்பது எழுதும் தாளின் தடிமன். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாக இருந்தாலும் இந்தப் பிசகைச் சரிசெய்யாது. ஆகவே ரைபிளின் ரிசீவர் (குழலுக்குப் பின்னால் போல்ட் ஓடும் உலோக உடல்), அதன்மேல் பேஸ் (ரிங் உட்காரும் தகடு), அதன்மேல் ரிங், கடைசியில் ஸ்கோப் என்று கீழிருந்து மேலாக முடிவெடுங்கள்.

ரிசீவரைப் பார்த்ததும் பாதி கேள்வி தீர்ந்துவிடும். இஷாப்பூர் பாயிண்ட் 315 ரைபிள், பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்டு வழிவந்தது. இரும்புக் குறிக்காகவே செய்தது, பேஸ் திருகுக்கு மேலே துளை இருக்காது. துளை போட்டு மரை வெட்டலாம். ஆனால் 1959 ஆயுதச் சட்டப்படி அதற்கென உரிமம் பெற்றவர்தான் அதில் கை வைக்க வேண்டும். லேத் பட்டறையில் கொடுத்து வாங்கும் வேலை இல்லை இது. பழைய ஜெர்மன் மௌசர் ரைபிளுக்கு வேறு இரண்டு தொல்லைகள் உண்டு. நேராக நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் கைப்பிடியைத் தூக்கினால் ஸ்கோப்பில் முட்டும்; பின்னால் இறக்கை மாதிரி இருக்கும் சேஃப்டியும் மேலே திரும்ப இடம் கேட்கும். இரண்டையும் மாற்றாமல் தாழ்ந்த ரிங் வாங்கினால் காசு வீண். பாயிண்ட் 22 ரைபிளிலும் ஏர் ரைபிளிலும் ரிசீவரிலேயே வெட்டிய 11 மி.மீ. அல்லது 9.5 மி.மீ. டவ்டெயில் (ரிங் கவ்விக்கொள்ளும் சரிவான பள்ளம்) இருக்கும். எது என்று காலிப்பரால் அளந்துவிட்டே கடைக்குப் போங்கள்.

துளை உள்ள ரிசீவருக்கு, ரிங்கைப் பேஸில் பூட்டும் முறைகளில் உண்மையான போட்டி ரெட்ஃபீல்டு பாணிக்கும் வீவர், பிகாடினி குடும்பத்துக்கும்தான்.

ரெட்ஃபீல்டு பாணியில் முன் ரிங் டவ்டெயிலில் இறங்கி 90 டிகிரி திரும்பிப் பூட்டிக்கொள்ளும். பின் ரிங்கை இரு பக்கமும் இரண்டு திருகுகள் அழுத்திப் பிடிக்கும். பேஸ் துளைகள் கொஞ்சம் கோணலாக விழுந்த பழைய ரைபிளுக்கு இது பெரிய வரம்: பின் திருகுகளாலேயே ஸ்கோப்பை இடம் வலம் நகர்த்தலாம், ஸ்கோப்பின் உள்ளே குறியை நகர்த்தும் வரம்பு மிச்சமாகும். ஆனால் முன்பக்கத்தை ஸ்கோப்பையே நெம்புகோலாக்கித் திருப்புபவர்கள் குழாயை வளைத்துவிடுகிறார்கள். அதே விட்டமுள்ள மரக்கட்டையை ரிங்கில் போட்டுத் திருப்ப வேண்டும். டவ்டெயிலில் துளி கிரீஸ் அவசியம். அடிக்கடி கழற்றி மாட்டினால் முன்பூட்டு தேய்ந்து தளரும். ஒருமுறை மாட்டிவிட்டு வருடக்கணக்கில் தொடாதவருக்கானது இது.

வீவரில் ரெயிலின் (பட்டை வடிவப் பேஸின்) குறுக்கே பள்ளம், அதில் ரிங்கின் குறுக்குத் திருகு. பள்ளத்தின் அகலம் 4.57 மி.மீ.; பள்ளங்களுக்கு இடையிலான தூரத்துக்குக் கட்டாய அளவு இல்லை. 1995இல் அமெரிக்க ராணுவம் வரையறுத்த பிகாடினியில் அகலம் 5.23 மி.மீ., இடைவெளி 10.01 மி.மீ. என்று கறார். அதனால் வீவர் ரிங் பிகாடினி ரெயிலில் பெரும்பாலும் உட்காரும். பிகாடினி ரிங் வீவர் பேஸில் உட்காராமல் போகலாம். உட்காரும்போதும் ரிங்கை முன்பக்கமாகத் தள்ளி, பள்ளத்தின் முன்சுவரில் முட்டவைத்தபின் முடுக்குங்கள். உதைப்பில் ரைபிள் பின்னே போக, ஸ்கோப் தன் எடையால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். இடைவெளி விட்டிருந்தால் ஒவ்வொரு வெடிக்கும் ரிங் முன்னே நகரும். பழைய வீவர் ரிங்குகளில் ஒரு பக்கம் கொக்கி, மறுபக்கம் மட்டும் திருகு. முடுக்க முடுக்க ஸ்கோப் சுழன்று உள்ளே தெரியும் குறுக்குக்கோடு சாயும். நான்கு திருகு உள்ள கிடைமட்டப் பிளவு ரிங்கே நிம்மதி. இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால், துளை நேராக இருக்கும் ரைபிளுக்கு ஒற்றைத் துண்டு பிகாடினி ரெயில், நான்கு திருகு ரிங்.

ஸ்பிரிங் ஏர் ரைபிளைச் சின்னது என்று நினைக்காதீர்கள். பிஸ்டன் முன்னே பாய்ந்து நிற்பதால் அதன் அதிர்ச்சி இரு திசையிலும் வரும். டவ்டெயில் ரிங்குக்கு நிறுத்த ஊசி இல்லையென்றால் மவுன்ட் ஊர்ந்துகொண்டே போகும்.

எஃகா அலுமினியமா? வெப்பத்தில் அலுமினியம் எஃகைவிடக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக விரியும். ஆனால் 100 மி.மீ. நீளத்துக்கு 20 டிகிரி மாற்றத்தில் வரும் வித்தியாசம் 0.02 மி.மீ. அளவுதான், ஊட்டி உறைபனியிலிருந்து மேட்டுப்பாளையம் வெயிலுக்கு இறங்கினாலும் பயப்பட ஒன்றுமில்லை. மலையில் எஃகின் எதிரி ஈரம். கூடலூரின் ஆடி மழை, குன்னூரின் ஐப்பசி மூடுபனி எல்லாம் பேஸுக்கு அடியில் புகுந்து சத்தமில்லாமல் துரு பிடிக்கவைக்கும். எஃகு பேஸானால் பொருத்துமுன் அடிப்பக்கத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம் தடவுங்கள். திருகுத் துளைகளை மட்டும் அசிட்டோனால் துடைத்து, எண்ணெய் இல்லாமல் வையுங்கள்.

ரிங்கின் உயரம் பார்க்க: 40 மி.மீ. முன்லென்ஸின் வெளிவிட்டம் சுமார் 48, பாதி 24. ரெயிலைவிடத் துப்பாக்கிக் குழல் 6 மி.மீ. தாழ்ந்திருந்தால் 18; இடைவெளி 3 சேர்த்தால் 21. ரெயிலிலிருந்து ரிங் மையம் இதற்குக் குறையக் கூடாது. அதிகமானால் கன்னம் ரைபிளின் மரக்கட்டையில் படாது. சில கம்பெனிகள் உயரத்தை மையம் வரை சொல்கின்றன, சில ஸ்கோப் குழாயின் அடிவரை சொல்கின்றன. 1 அங்குலக் குழாயில் இதற்குள் 12.7 மி.மீ. வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. கேட்காமல் வாங்கியவர்கள்தான் மறுபடி ரிங் தேடுகிறவர்கள்.

மாட்டும்போது பேஸ் திருகுக்கு 2.3 முதல் 2.8 நியூட்டன் மீட்டர், நீல நிற லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. ரிங் மூடித் திருகுக்கு 1.7 முதல் 2 வரை போதும்; அங்கே லாக்டைட் வேண்டாம், திருகு வழுக்கி அளவுக்கு மேல் இறுகிவிடும். குறுக்குக்கோட்டை நிமிர்த்த, ரைபிளை ரசமட்டம் வைத்துச் சமன்செய்து, 20 மீட்டர் தள்ளித் தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு அதோடு ஒட்டவையுங்கள். திருகுகளைக் குறுக்குமறுக்காக, கால் சுற்றுக் கால் சுற்றாக முடுக்கினால் இருபக்க இடுக்கும் சமமாக நிற்கும்.

பேஸின் முன் திருகு சற்று நீண்டிருந்தால் குழலின் மரையில் முட்டி நிற்கும். கைக்கு இறுகியதாகத் தெரியும், பேஸ் மட்டும் ஆடும். இதைக் கண்டுபிடிக்க, மற்றத் திருகுகளைத் தளர்த்தி அந்த ஒன்றை மட்டும் முடுக்கிப் பேஸை அசைத்துப் பாருங்கள். அசைந்தால் திருகை அரை மி.மீ. அரமிட்டுக் குறையுங்கள்.