ஹட்டனில் ஒரு நாட்டு மருந்துக் கடை

சளிக்கும் இருமலுக்கும் பைக்கற்றில் அடைத்த கஷாயத் தூளையே வாங்கிப் பழகியவர்கள், ஹட்டன் பிரதான வீதியில் இன்றும் நடந்துவரும் பழைய நாட்டு மருந்துக் கடைக்கு ஒருமுறையேனும் சென்றுவர வேண்டும். மருந்து யாருக்கு, என்ன வயது, எத்தனை நாளாகச் சுகமில்லை என்று கேட்டறியாமல் அங்கே தராசைத் தொடுவதில்லை. தன்னிடமுள்ள சரக்கால் எது தீரும், எது தீராது என்பதை அறிந்து விற்கும் கடை அது; அதற்காகவே அதனைப் பரிந்துரைக்கிறேன்.

இத்தகைய கடைகள் நம் மலையகத்து டவுன்களுக்கு எவ்வளவு அவசியமாக இருந்தன என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர். தோட்டங்களின் மருத்துவ வசதிக்கென 1912இல் சட்டம் இயற்றப்பட்டபோதிலும், சாதாரணச் சுகவீனத்துக்கு மக்கள் நம்பியிருந்தது சுக்கு, திப்பிலி, ஓமம், கடுக்காய் போன்ற சரக்குகளையே. ஆனால் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா (குயினைன்) மருந்துதான் வேண்டியிருந்தது. அதைத் தரும் சிங்கோனா மரத்தை வளர்ப்பதற்கென்றே 1861இல் நுவரெலியாவுக்கு அருகே ஹக்கலைத் தாவரவியல் தோட்டம் தொடங்கப்பட்டது. வெறுங்காலுடன் மலையேறியவர்களின் பாதத்தைத் துளைத்து உள்ளே சென்று இரத்தத்தை உறிஞ்சிய கொழுக்கிப்புழுவுக்கு எதிராக, 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தார் தோட்டங்களில் சிகிச்சை இயக்கம் தொடங்கினர். அக்காலத்தில் அந்நோய்க்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளுள் ஒன்றான தைமோல், ஓமத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. ஆயினும் வயிற்று வலிக்கு நாம் காய்ச்சும் ஓமத் தண்ணீர் அப்புழுவை வெளியேற்றிவிடாது. சரக்கு ஒன்றாயினும் அளவும் பக்குவமும் வேறு என்பதை உணர்ந்தவரிடம்தான் மருந்து வாங்க வேண்டும்.

இக்கடையில் நான் பெரிதும் மதிப்பது சிங்களவரும் தமிழரும் சளி, காய்ச்சலுக்கு ஒருபோல் வாங்கும் பஸ்பங்குவ என்னும் ஐந்து மூலிகைக் கஷாயச் சரக்கு. கொத்தமல்லி, சுக்கு, கண்டங்கத்தரி, பற்படாகம், மரமஞ்சள் என்னும் ஐந்தையும் முழுதாகவே வைத்திருக்கிறார்கள், தூளாக்கி விற்பதில்லை. மரமஞ்சள் தண்டைக் கண்முன்னே வெட்டித் தருகிறார்கள். வெட்டிய முகத்தில் நடுவிலிருந்து ஓரம்வரை கதிர்போல் விரிந்த கோடுகளும் அடர்ந்த மஞ்சள் நிறமும் தெரியும். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டாலே சாயம் இறங்கும், நாக்கில் வைத்தால் கசப்பு நெடுநேரம் நிற்கும். தூளாக வாங்கினால் இவற்றில் ஒன்றையும் நாம் சரிபார்க்க முடியாது. எட்டுக் கோப்பை நீரை ஒரு கோப்பையாக வற்றக் காய்ச்ச வேண்டுமென்றும், அடுப்பைக் கூட்டி அவசரப்படுத்தக் கூடாதென்றும் சொல்லித்தான் பொட்டலத்தை மடிக்கிறார்கள். பிரசவித்த பெண்களுக்கான சரக்கும், தேய்க்கும் எண்ணெய் வகைகளும் உண்டு.

காய்ச்சலுடன் குழந்தையைத் தூக்கிவந்த ஒரு தாயிடம், மூன்று நாளாயிற்று என்று அறிந்தவுடன் முதலாளி, "புள்ளய மொதல்ல டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கம்மா, கசாயமெல்லாம் பொறவு பாத்துக்கலாம்" என்று வெறுங்கையோடு அனுப்பிவைத்ததை நான் நேரில் கண்டேன். விற்றிருக்கக்கூடிய சரக்கை விற்காமல் விட்ட அந்த நேர்மைக்கு நிகராக எந்த விளம்பரத்தையும் சொல்ல மாட்டேன்.

குறைகளும் உள்ளன. எண்ணெய்ப் போத்தல்களில் என்ன சேர்ந்திருக்கிறது, எப்போது காய்ச்சியது என்ற விபரம் ஒட்டப்படவில்லை. கர்ப்பிணிகளும், வேறு மாத்திரை எடுப்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் அவற்றை வாங்குவது சரியன்று. விலைப்பட்டியலும் இல்லை. மே மாதம் தொடங்கும் மழைக்காலத்தில் ஹட்டனின் ஈரம் சாக்கு மூட்டைகளுக்குள் இறங்கிவிடுவதால், பற்படாகம் போன்ற காய்ந்த பூண்டுகளில் பூஞ்சை வாடை வீசுகிறதா என்று முகர்ந்து பார்த்தே வாங்க வேண்டும். கேட்டால் உள்ளேயிருந்து தகர டின்னில் வைத்த சரக்கை எடுத்துத் தருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டங்களிலிருந்து சனம் வந்து நிறைந்துவிடும். வார நாட்களில் முற்பகலில் சென்றால் முதலாளி நிதானமாக விளக்கம் சொல்வார்.