மீன் தொட்டியின் தரைக்குக் கறுப்பு மணலா, வெள்ளை மணலா?

நியான் டெட்ரா, செர்ரி பார்ப் மாதிரி மீன்களுக்கு என் ஓட்டு கறுப்பு மணலுக்குத்தான். தரை வெளுப்பாக இருந்தால் மீன் தோலின் கருநிறமித் துகள்கள் செல்லின் நடுவில் ஒடுங்கி, உடல் வெளிறும். தரை கறுப்பானால் அவை விரிந்து நிறம் அடர்த்தியாகும். வெள்ளை மணல் விளக்கொளியைக் கீழிருந்தும் அடிப்பதால், கூச்சமுள்ள மீன்கள் மிரண்டு இன்னும் மங்கிப்போகும்.

அதற்காக வெள்ளையை ஒதுக்க வேண்டாம். கறுப்பு மோலி அதில்தான் எடுப்பாகத் தெரியும். கறுப்பு மணலில் அதைத் தேட வேண்டியிருக்கும். என்ன, வெள்ளையில் கழிவும் பளிச்சென்று தெரியும்.

அப்புறம், கோரிடோராஸ் வளர்ப்பவர்கள் நிறத்துக்கு முன் துகளைப் பாருங்கள். அது மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே உதிர்க்கும் மீன். கூரில்லாத மென்மணல் எந்த நிறத்தில் கிடைத்தாலும் சரி.